சூரிய கிரகணத்தன்று கடலுக்குப் போகலாமா?

குமரிக் கடற்கரையில் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் கிரகணம் வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. சூரிய கிரகணம் என்பது நிலாவின் நிழல் பூமியில் விழுவது, அவ்வளவுதான். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியில் சூரியன் ஏறக்குறைய 10 நிமிடம் வளையமாகத் தெரிந்தது.

கிரகணத்தின்போது கடல் பொங்குமா? கிரகணம் அமாவாசையில்தான் வரும். அன்று சூரியனும் நிலாவும் ஒரே பக்கமிருந்து இழுப்பதால் கடல் ஏற்றமும் இறக்கமும் கூடும். கரையில் நின்று இழுக்கும் வலையான கரமடியை இழுக்கும்போது எல்லாரும் ஒரே திசையில் இழுத்தால் வலை வேகமாக வருமே, அதுபோல. இது எல்லா அமாவாசைக்கும் உள்ளது. நிழல் விழுவதால் அலை எழாது. ஆகவே போவதா வேண்டாமா என்பதை வழக்கம்போல் காற்றும் வானிலை எச்சரிக்கையும் சொல்லட்டும்.

உண்மையில் எனக்குக் கவலை கண்ணைப் பற்றித்தான். வெளிச்சம் மங்கும்போது வள்ளத்தில் இருப்பவருக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றும். விழித்திரை வெந்தாலும் வலிக்காது. பார்வை போனது பிறகுதான் தெரியும். தண்ணீரில் தெரியும் சூரிய பிம்பத்தையும் உற்றுப் பார்க்காதீர்கள்.

அப்புறம், கிரகணத்தில் விஷக்கதிர் வந்து மீன் கெடும் என்பது தவறு. வருவது அதே வெயில், கொஞ்சம் குறைவாக.