பிரசவ அறைக்குள் உங்களோடு யார் இருக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?

எனக்கு இரண்டு பிரசவம். முதலாவதில் உள்ளே யாரும் இல்லை. இரண்டாவதில் சித்தி இருந்தார். அம்மா இருக்கும்போது சித்தியா என்று இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பிரசவம் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். வலி எடுத்ததும் சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அடங்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். உள்ளே கூட்டிப்போய் முடியை இரண்டு சடையாகப் பின்னி, தோடு, வளையலைக் கழற்றி வெளியே கொடுத்தனுப்பினார்கள். அப்புறம் பதினொரு மணி நேரம் வீட்டு ஆள் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அட்டெண்டர் எல்லாம் கதவுக்கு வெளியேதான் என்பது அங்கே விதி. கத்தினால் திட்டு, தண்ணீர் கேட்டால் "இரும்மா, வரேன்". எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. வலி மறந்துவிட்டது, அந்தக் கடிகாரம் மறக்கவில்லை. பையன் நல்லபடியாகப் பிறந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு வருடம் கழித்து இரண்டாவது. இந்தத் தடவை அரசு மருத்துவமனை. செக்கப்புக்குப் போனபோது நர்ஸ் அக்கா "கூட யாரும்மா வருவாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு ஆச்சரியம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் திட்டம் 2004லேயே வந்துவிட்டது என்பது எனக்கு அதுவரை தெரியாது. 2016இல் மத்திய அரசும் நாடு முழுவதும் இதற்கு வழி செய்தது. நிபந்தனைகள் உண்டு: துணைக்கு வருபவர் பிள்ளை பெற்ற பெண்ணாக இருப்பது நல்லது, தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போகக் கூடாது. கணவர் வரலாம், ஆனால் மற்ற பெண்களின் மறைவுக்குப் பங்கம் வராத இடமாக இருந்தால் மட்டும். எங்கள் வார்டில் கட்டில்கள் வரிசையாக, நடுவில் ஒரு திரை. ஆக, அவர் வர வழியில்லை. சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை.

மீதி அம்மாவும் மாமியாரும்.

அம்மா கேட்கவே இல்லை, தான்தான் வருவதாக முடிவு செய்துவிட்டார். அவர் மலைக்கோட்டை தாயுமானவர் பக்தை. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குச் சிவபெருமானே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். அம்மா எனக்காக வாழைத்தார் வேண்டிக்கொண்டு வந்து, "சாமியே அம்மாவா வந்துதான் பார்த்தாரு" என்றார். வாதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் சிவபெருமான் அங்கே உட்கார்ந்து அழுதிருக்க மாட்டார். என் அம்மா எனக்கு ஊசி போட்டாலே கண்கலங்குவார். முதல் பிரசவத்தின்போது கதவுக்கு வெளியே மயங்கி, அவருக்கும் ஒரு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

மாமியார் நல்லவர்தான். ஆனால் "நாங்கள்லாம் நடவுக்குப் போய்ட்டு வந்து பெத்தோம்" என்பதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

சித்தி லால்குடியில் தையல் வேலை செய்கிறார். அவர் மகன் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்த அன்று நான் அங்கே இருந்தேன். சித்தி கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. துப்பட்டாவால் தூளி மாதிரிக் கட்டிவிட்டு, "எந்த விரல் அசையுதுன்னு காட்டு" என்றார். யாரை அழைப்பது என்று யோசித்தபோது எனக்கு அந்தக் காட்சிதான் வந்தது. இன்னொன்றையும் யோசித்தேன். முக்கும்போது மலம் போகும், வாந்தி வரும், வாயில் வராத வார்த்தை வரும். யார் முன்னால் அதெல்லாம் நடந்தால் மறுநாள் எனக்குக் கூச்சமாக இருக்காது? உறவு முறையைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைப் போட்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

அம்மாவிடம் சொன்னதுதான் பிரசவத்தைவிடக் கஷ்டம். "நீ அழுதா எனக்கும் அழுகை வரும்மா" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் பெரியவனை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. "அவன் என்கிட்டதான் இருப்பான்" என்றார். உண்மையும் அதுதான்.

வலி எடுத்த இரவு சித்தி வளையலைக் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். வலி வரும்போதெல்லாம் உள்ளங்கையின் அடிப்பாகத்தை இடுப்பில் வைத்து அழுத்தித் தேய்த்தார். விட்டதும் ஒரு வாய் வெந்நீர். விடியற்காலையில், "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லு சித்தி" என்றேன். "சரி, கேக்குறேன். இந்த வலி போகட்டும்" என்றார். அடுத்த வலியிலும் அதையே கேட்டேன், அதையே சொன்னார். ஐந்தாறு முறை நடந்தது. அவர் போய்க் கேட்கவே இல்லை என்பது பாப்பா பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இது வெறும் மனத் தெம்பு விஷயம் இல்லை. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து ஒருவர் துணையிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும், வலி நேரம் கொஞ்சம் குறைவாகவும் இருந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னதும் அந்தப் பெண் தானே தேர்ந்தெடுத்த துணை என்றுதான். வீட்டார் அனுப்பிவைக்கிற ஆள் என்று அல்ல.

நீங்கள் தனியார் மருத்துவமனை என்றால் எட்டாம் மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்: கடைசிவரை கூட இருக்கலாமா, நடுவில் வெளியே அனுப்புவார்களா, சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் விடுவார்களா? பெரும்பாலும் விடமாட்டார்கள், அது தெரிந்தே இருக்கட்டும். மாற்று ஆள் ஒருவரையும் சொல்லிவையுங்கள். சித்திக்கு அன்று காய்ச்சல் வந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

இப்போது என் தங்கைக்கு ஒன்பதாம் மாதம். அவளுக்குத் தனி அறை கிடைக்கிறது, கணவர் வரலாம். ஆனால் அவர் ரத்தம் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிற ஆள். போன வாரம் போனில், "அக்கா, நீ வர்றியா?" என்றாள். நகம் வெட்டிவிட்டேன்.