டாஷ்போர்டு பச்சை, ஆனால் பக்கம் மெதுவு: சராசரியை நம்பாதீர்கள்

நீங்கள் பார்க்கும் சராசரிதான் உண்மையை மறைக்கிறது. பணம் செலுத்தும் பக்கம் பதில் தர எடுக்கும் சராசரி நேரம் 295 மில்லி விநாடி என்று டாஷ்போர்டு காட்டியும், பக்கம் மெதுவு என்ற புகார்கள் நிற்கவில்லை என்கிறீர்கள். சர்வருக்கு வரும் 100 கோரிக்கைகளில் (request) 95 கோரிக்கைகள் 100 மில்லி விநாடியில் முடிந்து, மீதி 5 மட்டும் 4 விநாடி இழுத்தாலும் சராசரி அதே 295தான். அந்த ஐந்து பேர்தான் உங்களுக்குப் புகார் எழுதுகிறார்கள்.

வரைபடம் காட்டும் கருவியான கிராஃபனாவில் அதே வரைபடத்தில் 50, 99 ஆகிய சதமானங்களை (அத்தனை சதவீதக் கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். 95 போதாது, மேற்சொன்ன ஐந்தும் அதில் தப்பிவிடும். 99 மட்டும் எகிறியிருந்தால் அந்த நேரத்து சர்வர் பதிவுகளை (log) எடுத்து, எந்தப் பயனர் கணக்கு, எந்தத் தரவுத்தள வினவல் (query) என்று தேடுங்கள். நான் தேடியபோது, ஆயிரக்கணக்கான பழைய ஆர்டர்கள் கொண்ட சில கணக்குகள் மட்டும் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகவரிசை) இல்லாத தரவுத்தள அட்டவணையில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தன.

ஒரு எச்சரிக்கை: பல சர்வர்கள் இருந்தால் அவற்றின் சதமானங்களைச் சராசரி போடாதீர்கள், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அளவீடுகளைச் சேகரிக்கும் கருவி புரோமிதியஸ் என்றால், எல்லா சர்வர்களின் ஹிஸ்டோகிராம் பக்கெட்டுகளை (எந்த நேர அளவுக்குள் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்ற எண்ணிக்கைகள்) முதலில் கூட்டி, பிறகு சதமானத்தைக் கணக்கிடுங்கள். கோரிக்கைகள் குறைந்த நள்ளிரவில் 99 தாறுமாறாகத் துள்ளும். அதற்காக யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம்.