மொட்டைமாடில சின்ன காத்தாடி வெச்சா கரண்ட் வருமா?

உடுமலைப்பேட்டை பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எங்களது மாடி வீடு, 23 அடி உயரம். எங்க திரும்பினாலும் பெரிய பெரிய காத்தாடியா ஓடிட்டு இருக்கு, ஆடி மாசம் துணி காயப்போட்டா கிளிப்போட பறக்குது. மொட்டைமாடில 1 கிலோவாட் காத்தாடி வெச்சா மாசம் 400 யூனிட் வரும்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்கார். வைக்கலாமா? மேக்கால தென்னந்தோப்பு இருக்கு."

கடைசில போற போக்குல தென்னந்தோப்புன்னு சொன்னீங்க பாருங்க, பதிலே அங்கதாங்க இருக்கு. வைக்காதீங்க.

உங்க ஊருக்கு தென்மேற்கு பருவத்துல பாலக்காட்டு கணவாய் வழியா மேக்க இருந்துதான் காத்து வருது, நல்ல காத்துதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி அது தோப்புல முட்டிட்டுதான் வரணும். வாய்க்கால்ல ஒரு கல்லு கெடந்தா அதுக்கு பின்னாடி தண்ணி சுழிச்சுட்டு, கொஞ்சம் திரும்பி மேல ஏறக்கூட பாக்கும்ல, காத்துலயும் அதேதான், என்ன கண்ணுக்கு தெரியாது அவ்ளோதான். ஃபீல்டுல நாங்க வெச்சிருக்கற தோராய கணக்கு, தடுப்போட உயரத்துல ரெண்டு மடங்கு மேல வரைக்கும், காத்து போற பக்கமா 20 மடங்கு தூரம் வரைக்கும் காத்து கலங்கிதான் இருக்கும். தென்னை 50 அடின்னா 100 அடி உயரம் வரைக்கும் கலங்கல், 1000 அடி தூரத்துக்கு கலங்கல். உங்க மாடி எங்க இருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க. போதாததுக்கு கைப்பிடிச்சுவர் விளிம்புல காத்து வெட்டி மேல ஏறறது வேற.

துணி பறக்குதேன்னு கேப்பீங்க. துணிக்கு ஒரு தள்ளு தள்ளினா போதுங்க, காத்தாடிக்கு நிலையா ஒரே பக்கமா வரணும். சுழி வந்தா ரெக்கை காத்தை தேடி திரும்பிட்டே இருக்கும், பேரிங் போகும், அதிர்வு கான்கிரீட்ல எறங்கி ராத்திரி கீழ படுத்திருக்கறவங்களுக்கு கேக்கும்.

இந்த கலங்கலை ஒழுங்கா அளந்து வெச்சதுல முக்கியமானவர் கைமால்ங்கற விஞ்ஞானி. 1968-ல அமெரிக்கால கான்சாஸ்ல, கோதுமை அறுத்து தாள் மட்டும் நிக்கற தட்டை நிலத்துல 32 மீட்டர் டவர் நட்டு, ஒலி போயி சேர்ற நேரத்தை வெச்சு காத்தை அளக்கற சோனிக் கருவியை மூணு உயரத்துல மாட்டி, அவரும் கூட இருந்தவங்களும் அளந்தாங்க, சாதாரணமா நாம பாக்கற கிண்ணம் சுத்தற கருவி இந்த சின்ன சின்ன துடிப்பை எல்லாம் பிடிக்காது. பெரிய சுழில எவ்ளோ சக்தி, சின்ன சுழில எவ்ளோன்னு பிரிச்சு பாத்தா, உயரம் வேகம் எது மாறினாலும் சரியான அளவுகோல்ல வரைபடமா போட்டப்ப கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துச்சு. அந்த ஆய்வுக் கட்டுரை 1972-ல வந்துச்சு, சுழி அளவு வாரியா சக்தியை காட்டற அந்த கோடு இன்னைக்கு வரைக்கும் பெரிய காத்தாடி டிசைன் பண்ற சர்வதேச தரத்துல கைமால் ஸ்பெக்ட்ரம்னு அவர் பேர்லயேதான் இருக்கு. ஆனா கவனிங்க, அது ஒரு மரம் மட்டை இல்லாத வெட்டவெளில எடுத்தது. உங்க மாடிக்கு அந்த கோடு பொருந்தாது, அங்க ஆட்டம் அதைவிட மோசம்.

இப்ப அந்த 400 யூனிட். 1 கிலோவாட்ங்கறது செகண்டுக்கு 12 மீட்டர் மாதிரி வேகத்துல வர்றது, பிரோஷர்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. சக்தி வேகத்தோட மும்மடி பெருக்கத்துல போகும், அதனால 4 மீட்டர் காத்துன்னா மூணுல ஒரு பங்கு இல்ல, 27-ல ஒரு பங்கு, 37 வாட், ஒரு டியூப்லைட். சராசரி 4 மீட்டர்னு வெச்சுட்டு ஏத்த இறக்கம் எல்லாம் சேத்து தாராளமா போட்டாலும் மாசம் 50 யூனிட்டை தாண்டறது கஷ்டம். அதே 1 கிலோவாட் சோலார் நம்மூர் வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் குடுக்கும். செங்குத்தா சுத்தற மாடல் கலங்கல் காத்துலயும் ஓடும்னு சொல்லுவாங்க, எந்த பக்கம் வந்தாலும் சுத்தும் வாஸ்தவம்தான், ஆனா இல்லாத சக்தியை அது எங்க போயி எடுக்கும்?

தோட்டத்துல மேக்கு பக்கம் காலியா இடம் இருந்தா கதை வேற. சுத்தி 500 அடிக்குள்ள இருக்கற எதைவிடவும் 30 அடி ஒசரமா கம்பம் போடணும், தென்னை இருந்தா 80 அடி ஆகிடும், அந்த கம்பத்தோட செலவே காத்தாடி விலைக்கு வந்து நிக்கும்.

காசு போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. கரண்ட் கம்பி இல்லாத பக்கமா, மாடில நிக்காம தரைல இருந்து, பருத்தி நூல்ல ஒரு பெரிய பட்டம் விடுங்க, நூல்ல பத்தடிக்கு ஒரு ரிப்பன் கட்டுங்க. கீழ இருக்கற ரிப்பன் எல்லாம் பித்து பிடிச்ச மாதிரி அடிச்சுக்கும், ஏதோ ஒரு உயரத்துக்கு மேல நேரா நீட்டிட்டு நிக்கும். அந்த உயரம் எவ்ளோன்னு எண்ணிக்கங்க. மத்தியானம் ஒருக்கா, பொழுது சாஞ்சப்பறம் ஒருக்கா பாக்கணும், ஏன்னா தரை குளுந்ததும் கீழ காத்து அடங்கிடும், மேல மட்டும் ஓடிட்டு இருக்கும், உங்களை சுத்தி இருக்கற பெரிய காத்தாடிங்க ராத்திரில ஓடறது அந்த காத்துலதான்.