16ஆம் நாளே மறுபடி எழுத வேண்டாம், தம்பி

பந்தலூரில் இருந்து டொரன்டோவுக்கு வந்து நான்கு மாதமே ஆன தம்பி ஒருவர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் முதல் முறை 565 வந்திருக்கிறது, விதிப்படி 16 நாள் கழிந்ததும் உடனே மறுபடி எழுதிவிடலாமா என்பது முதல் கேள்வி. பயிற்சி நிலையத்தில் சேர வேண்டுமா, குளிர்கால உடுப்பை எங்கே வாங்குவது, எம்பிஏ முடித்தால் வேலை உறுதியா என்பவை மற்ற மூன்று. இரவு நேரக் கிடங்கு வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதாகவும், தம் அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருந்தார். விடுப்பில் கோத்தகிரிக்கு வந்திருக்கும் நான், அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது, 2010 அக்டோபரில் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறைக்குள் இரண்டு பெட்டிகளோடு நுழைந்த என்னையே மறுபடி பார்த்தேன்.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன். 16ஆம் நாள் எழுத வேண்டாம். எழுத அனுமதி இருக்கிறது என்பதும், எழுதினால் மதிப்பெண் கூடும் என்பதும் வேறு வேறு. 12 மாதத்திற்குள் ஐந்து முறை எழுதலாம் என்று விதி சொல்வதைப் பார்த்து, லாட்டரிச் சீட்டு வாங்குவதுபோல ஐந்து முறையும் கட்டணம் கட்டி அதே மதிப்பெண்ணைச் சுற்றி வந்தவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருமுறை அப்படித்தான் எழுதினேன்.

நான் முதல் முறை எழுதியது 2009 நவம்பரில், சென்னையில். அந்த மாதம் நீலகிரியில் பெய்த மழையையும் நிலச்சரிவையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் புதைந்து இறந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் பல நாள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துவிட்டு, பாதை திறந்ததும் பாதி தூரம் ஜீப்பிலும் பாதி தூரம் நடையுமாக மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். 540 வந்தது. அதற்கு நான் மழையைக் குறை சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மழையைக் குறை சொல்லிவிட்டதால், என் பிழை எங்கே இருக்கிறது என்று நான் தேடவே இல்லை. மறுமுறையும் சறுக்கியதற்கு வேர் அங்கேதான் இருந்தது.

டொரன்டோவில் மறுபடி எழுதப் பதிவு செய்தபோது இன்னொரு அடி விழுந்தது, இதை நீங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் (இனிஷியல்) உண்டு. பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் ஒரு கட்டத்தில் இருந்தது, அப்பா பெயருக்கு அங்கே இடமே இல்லை. வங்கிக்காரர்கள் கேட்டதால் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்துப் பழகியிருந்த நான், தேர்வுக்கும் அப்படியே பதிவு செய்துவிட்டேன். 2010 டிசம்பரில் தேர்வு மையத்தின் மேசைக்கு முன்னால் நின்றபோது, திரையில் இருந்த பெயரையும் பாஸ்போர்ட்டையும் மாறிமாறிப் பார்த்த அம்மையார் தலையை அசைத்தார். கட்டிய 250 டாலர் திரும்ப வரவில்லை. அப்போது ஒன்டாரியோவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.25 டாலர், மூன்று இரவு முழுக்க நின்று அட்டைப்பெட்டி ஒட்டினால்தான் அந்தப் பணம் தேறும். ஆகவே உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ, அதே எழுத்து அதே வரிசையில் பதிவிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறுபாடு இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே தொடர்புகொண்டு திருத்திக்கொள்ளுங்கள். முதல் தேர்வில் விட்டார்களே என்று இருந்துவிடாதீர்கள், இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அதில் பெயர் விரிந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை எழுதியது 2011 பிப்ரவரியில். மலையில் பிறந்தவளுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். நம் ஊர் உறைபனி விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடும். டொரன்டோவின் பனி அப்படிப் போவதில்லை. உப்பும் சேறுமாகத் தெருவில் குழைந்து கிடக்கும். இரவு ஷிப்டு காலை ஏழு மணிக்கு முடிந்து, சாதாரண கான்வாஸ் ஷூவோடு அந்தச் சேற்றில் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தபோது, என் காலுறை பிழிந்தால் தண்ணீர் கொட்டும் நிலையில் இருந்தது. அக்காலத்தில் தேர்வு இரண்டு கட்டுரைகளோடு தொடங்கும். விரல் மரத்துப்போய் ஒரே எழுத்தை இருமுறை தட்டித் தட்டி அழித்தேன். அதன் பிறகு 75 நிமிடத்தில் 37 கணக்குகள். மஞ்சள் நிறப் பளபளப்புத் தாளில் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தவள், எழுதிய வரிகளின் மேல் கைவைத்தபடி கண் செருகிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது எழுதியது அழிந்து உள்ளங்கையில் மையாக இருந்தது. 530 வந்தது, முதல் முறையைவிடப் பத்துக் குறைவு.

எங்கள் பாட்டனார் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து, தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் கப்பல் ஏறி, இங்கே டான்டீ என்னும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். வேலையில் அளவு குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள், அதாவது அரை நாள் கூலி. இரவு வேலை முடித்துவிட்டுத் தேர்வுக்குப் போவது முழு நாள் உழைத்தும் அரைப் பேர் வாங்குவதுதான். இதைப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி எனக்கு முன்பே சொன்னார்: "பிள்ளை, முதல்ல நித்திரை கொள்ளு, பிறகு படி." நான் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் சரியான பயிற்சி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் வேலை நேரத்தைப் பகலுக்கு மாற்ற முடிகிறவரை தேர்வு நாளைக் குறிக்காதீர்கள். மாற்ற முடியாவிட்டால், குறைந்தது தேர்வுக்கு முந்தைய ஒரு வாரமாவது இரவில் தூங்கும்படி விடுப்புச் சொல்லுங்கள்.

மூன்றாம் முறைக்கு நான் 14 மாதம் எடுத்துக்கொண்டேன். பகல் நேரக் கடை வேலை கிடைத்த பிறகு, ஒரு 200 பக்க நோட்டு வாங்கினேன். சரியாகப் போட்ட கணக்கு எதையும் அதில் எழுதவில்லை. தவறிய ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: என்ன கேட்டார்கள், நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. அம்மா கொழுந்தை நிறுவைக்குக் கொடுக்கும் முன், கூடையைச் சாக்கில் கொட்டி, முற்றிய இலையையும் காம்பையும் பொறுக்கி எறிவார். எந்தச் செடி வரிசையில் முற்றல் அதிகம் வந்தது என்று மறுநாள் அவருக்கு நினைவிருக்கும். அதைத்தான் நோட்டில் செய்தேன்.

ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன். ஓர் எண் பூச்சியத்தைவிடப் பெரியதா என்று கேட்டு, இரண்டு தகவல் தருவார்கள். அந்த எண்ணின் வர்க்கம் 16 என்பது ஒன்று. அதோடு 4ஐக் கூட்டினால் பூச்சியத்தைவிட அதிகம் என்பது மற்றொன்று. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லமாட்டார்கள், எந்தத் தகவல் போதும் என்பதுதான் கேள்வி. வர்க்கம் 16 என்று பார்த்ததும் என் கை 4 என்று எழுதிவிடும், முதல் தகவலே போதும் என்று குறித்துவிடுவேன். மைனஸ் 4க்கும் வர்க்கம் 16தான் என்பது பள்ளியில் படித்ததுதான். இரண்டாம் தகவல் மட்டும் இருந்தால் அந்த எண் மைனஸ் 3ஆகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால்தான் 4 என்று நிற்கும். இதே பிழையை வெவ்வேறு உருவில் பதினோரு இடத்தில் செய்திருந்தேன் என்பது நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஆயிரம் கணக்கு புதிதாகப் போட்டிருந்தால் அந்தப் பிழையை ஆயிரம் முறை பழகியிருப்பேன். 2012 மே மாதம் எழுதியபோது 680 வந்தது.

நான் எழுதிய தேர்வும் நீங்கள் எழுதுவதும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள், ஏனென்றால் கோவில் திருவிழாவிலும் பொங்கல் விழாவிலும் உங்களைச் சூழ்ந்துகொண்டு அறிவுரை சொல்லும் நம்மவர்கள் பலர் இதை அறியாமலே பேசுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் புதிய வடிவம் மட்டும்தான். குவான்ட் என்னும் கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், வெர்பல் என்னும் ஆங்கில வாசிப்புப் பகுதியில் 23, டேட்டா இன்சைட்ஸ் என்னும் தரவு ஆய்வுப் பகுதியில் 20, ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். கட்டுரை இல்லை, வடிவியல் இல்லை, வாக்கியத் திருத்தமும் இல்லை. மேலே சொன்ன போதுமா–போதாதா வகைக் கேள்வி இப்போது டேட்டா இன்சைட்ஸில் வருகிறது. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த என்னைப் போன்றவர்களை அதிகம் வதைத்தது வாக்கியத் திருத்தம்தான். அது போனது உங்களுக்குப் பெரிய வரம். யாராவது இலக்கணப் புத்தகத்தையும் சொல் பட்டியலையும் மனப்பாடம் செய்யச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். இப்போது அளவு 205 முதல் 805 வரை. "நான் 700 எடுத்தேன், நீ என்ன 565" என்று ஒருவர் கேட்டால் கூசிப்போக வேண்டாம். பழைய 700க்கு ஏறத்தாழ ஈடாக இன்று 645ஐ வைக்கிறார்கள். வந்த புதிதில் தாம் பட்ட பாட்டை மறைத்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் வெளியே எடுத்துக் காட்டுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் மானத்துக்காக 16ஆம் நாள் போய் உட்காருகிறார்கள். எங்கள் காலத்தில் ஐந்து ஆண்டுக்குள் எழுதிய எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும், என் 530ஐயும் அவர்கள் பார்த்தார்கள். இப்போது எதை அனுப்புவது என்பதை மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு நீங்களே முடிவு செய்யலாம். ஆகவே 565ஐ அழிக்க அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

பயிற்சி நிலையம் பற்றி ஒன்று மட்டும். உண்மையான தேர்வில் வந்த கேள்விகள் தங்களிடம் இருப்பதாக யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2008இல் அப்படிக் கேள்விகளைப் பரிமாறிய ஓர் இணையதளத்தின் மேல் அமெரிக்க நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து, அதைப் பயன்படுத்திய 84 பேருடைய மதிப்பெண்கள் ரத்தாயின. அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் ஆறு உண்டு, முதல் இரண்டு இலவசம். அவற்றை இப்போதே தீர்த்துவிடாமல், நோட்டில் ஒரே வகைப் பிழை குறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, காலை நேரத்தில் முழுதாக 2 மணி 15 நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகள்வரை திரும்பிப் போய் மாற்றலாம், ஆனால் கேள்வியை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் வெட்டுவார்கள். புத்தகத்தை விலைக்கு வாங்கும் முன் பொது நூலகத்தில் கேளுங்கள். நான் படித்தது நூலகப் பிரதிதான். வீட்டில் இருந்தே எழுதும் வசதியை நீங்கள் எடுக்க வேண்டாம், நான்கு பேர் தங்கும் பேஸ்மென்டில் யாராவது கதவைத் திறந்தால் தேர்வே போய்விடும்.

உடுப்பு எங்கே வாங்கினாலும் சரி, முதலில் தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்குங்கள். எம்பிஏ முடித்தால் வேலை உறுதியா என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உறுதி சொல்கிறவர்களிடம் கட்டணம் கட்டாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா என் பழைய நோட்டை மச்சுப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போயிருந்தேன். கனடாவில் மகள் எழுதிய பாடம் என்று செல்லரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் இருப்பது அந்த 16தான், சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். ஜனவரி 10ஆம் தேதி திரும்புகிறேன். அதற்குள் உங்கள் நோட்டில் முதல் முப்பது பிழைகளை எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு நாளைக் குறிப்பது பற்றிப் பேசுவோம். பந்தலூரில் இருந்து அம்மா எதையாவது கொடுத்தனுப்ப நினைத்தால், கோத்தகிரி வரும் யாரிடமாவது சேர்த்துவிடச் சொல்லுங்கள், பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது.