பாதி மீன் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

தடைக்காலம் பற்றிய போன இதழ்க் கட்டுரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அரசும் பழங்குடியினரும் சேர்ந்து, பாதிக்குப் பாதி என்று பங்கிட்டு, சால்மன் மீன்பிடியை நடத்துவதாக ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

"பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தீர்கள். எதில் பாதி? பிடித்த மீனிலா, கடலில் இருக்கும் மீனிலா?"
– நாகப்பட்டினம் வாசகர்

இரண்டிலும் இல்லை. முட்டையிட ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய மீனை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் பாதி.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஓர் ஆற்றுக்கு இந்த வருஷம் 1,00,000 மீன் திரும்பும் என்று மதிப்பீடு. அடுத்த தலைமுறைக்கு 40,000 மீன் ஆறேறியே ஆக வேண்டும். மீதி 60,000. பழங்குடியினருக்கு 30,000, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 30,000. திரும்பும் மீன் 45,000 என்று குறைந்துபோனால் பக்கத்துக்கு 2,500தான். 40,000க்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் வலையைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.

இதன் வேர் பழங்குடியினர் அமெரிக்க மத்திய அரசோடு செய்த 1854, 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது. நிலத்தை எழுதிக் கொடுத்த பழங்குடியினர், வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் மாநில அரசு அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்டதற்காக பில்லி ஃப்ராங்க் என்பவர் 50 தடவைக்கு மேல் கைதானார். முதல் தடவை அவருக்கு வயது 14. 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், 'பொதுவில்' என்றால் சமமாகப் பகிர்வது என்று தீர்ப்பளித்தார். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, இரண்டு திருத்தத்தோடு. பழங்குடியினருக்குப் பாதி என்பது உச்சவரம்பு. சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிடிப்பதையும் பழங்குடியினர் பங்கில்தான் எழுத வேண்டும்; போல்ட் அதைக் கணக்குக்கு வெளியே வைத்திருந்தார்.

"சால்மன் என்பது நம்ம காலா மீன்தானே? சென்னைக் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று போட்டிருக்கிறார்களே!"
– கும்பகோணம் வாசகர்

போட்டிருப்பார்கள், விலை ஏறுமே! காலா வேறு குடும்பம். மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குவதைப் பார்த்தாலே தெரியும். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பி, முட்டையிட்டுச் செத்துவிடும். பிறந்த ஆற்றுக்கே திரும்புவதால்தான் ஆறு வாரியாகக் கணக்கு வைக்க முடிகிறது. மத்தியையும் கானாங்கெளுத்தியையும் அப்படி ஊர் வாரியாகப் பிரிக்க முடியாது.

"மீன் கடலுக்குள் இருக்கும்போதே எத்தனை திரும்பும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அரசு சொல்லும் எண்ணை மீனவர் நம்புவாரா?"
– பழையாறு வாசகர்

எல்லாம் அடங்கியிருப்பது இந்தக் கேள்வியில்தான். அரசு மட்டும் எண்ணினால் நம்பமாட்டார். அதனால் பழங்குடியினர் தாங்களே மீன்வள விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். மேற்கு வாஷிங்டனின் 20 பழங்குடிகளுக்கும் பொதுவாக ஓர் ஆணையம் 1974லிருந்து இயங்குகிறது. ஒரே ஆற்றில் இரண்டு பக்க ஆட்களும் எண்ணுகிறார்கள்.

முதல் எண்ணிக்கை ஆற்றுக்குள். பெண் சால்மன் கூழாங்கல் படுகையை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிடும். புரட்டிய கல் பாசி இல்லாமல் வெளுப்பாகத் தெரியும். பருவம் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவைபோல ஆற்றில் இறங்கி நடந்து குழிகளை எண்ணுவார்கள். எண்ணிய குழிக்கு நேராகக் கரை மரத்தில் தேதி எழுதிய நாடாவைக் கட்டிவிட்டால் அடுத்த தடவை இரட்டிப்பாக எண்ண மாட்டார்கள். பியூஜெட் சவுண்ட் என்ற உள்வாங்கிய கடல் பகுதியின் சினூக் வகைச் சால்மனுக்கு ஒரு குழிக்கு 2.5 மீன் என்று பெருக்குவது வழக்கம். இதில் தவறு வரும் இடம் இரண்டு. வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கினால் குழி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மீன் பறித்த குழி மேலேயே இன்னொன்று வந்து பறித்தால் இரண்டு ஒன்றாகிவிடும். இரண்டிலுமே எண்ணிக்கை குறைச்சலாகத்தான் வரும்.

இரண்டாவது, ஊசிமுனைக் கம்பி. பொரிப்பகத்தில் குஞ்சை வெளியே விடுமுன் அதன் மூக்குக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பியைச் செலுத்துகிறார்கள். அதில் எண் பொறித்திருக்கும்: எந்தப் பொரிப்பகம், எந்த வருஷம். மீன் இறங்குதளத்தில் பிடிபட்டவற்றில் ஐந்தில் ஒரு பங்கையாவது கருவியால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. கம்பி இருந்தால் தலையை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த ஆற்று மீன் எந்தக் கடலில் யார் வலையில் மாட்டியது என்பது அதிலிருந்து தெரியும்.

மூன்றாவது, விற்பனைச் சீட்டு. மீன் வாங்குபவர் வகை, எண்ணிக்கை, எடை, பிடித்த பகுதி, வலை வகை, தேதி எல்லாம் எழுதியாக வேண்டும். நம் ஏலக்கூடத்துச் சீட்டில் எடையும் விலையும் இருக்கும். பிடித்த இடம் இருக்காது. அது இல்லாமல் மற்றதை வைத்துக்கொண்டு மீன்வளக் கணக்குப் போட முடியாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பிப்ரவரி கடைசிவாக்கில் மதிப்பீடு வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் ஓரிகன் மாநிலத்தின் ஃபால்கன் முனைக்கு வடக்கே உள்ள மீன்பிடி முழுவதற்கும் பேச்சுவார்த்தை. ஏப்ரல் நடுவில் எந்தப் பகுதி, எந்த வலை, எத்தனை நாள் என்று முடிவாக வேண்டும். பருவம் தொடங்கியதும் சோதனை வலை போட்டுப் பார்ப்பார்கள். மதிப்பீடு பொய்த்தால் நாட்களைக் கூட்டுவார்கள், அல்லது பாதியில் மூடுவார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவே இல்லை. கடலில் எல்லா ஆற்று மீனும் கலந்தே நீந்தும். ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றுச் சினூக் மிகக் குறைவு. அதைக் காப்பாற்ற, மீன் கொழிக்கும் வேறு ஆற்றுக்குப் போகும் மீனையும் பிடிக்காமல் விட வேண்டியிருக்கிறது. நோஞ்சான் ஆறுதான் எல்லா ஆற்றுக்கும் சேர்த்து அளவை நிர்ணயிக்கிறது.

"பேச்சு முறிந்தால்? மீறினால் யார் தண்டிப்பது? எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போட்டால் காவல் நிலையத்தில் செல்லாது என்கிறார்கள்."
– தரங்கம்பாடி வாசகர்

2016இல் முறிந்தது. கோஹோ வகைச் சால்மன் மிகக் குறைவாகத் திரும்பும் என்று மதிப்பீடு வர, ஏப்ரல் கெடுவுக்குள் உடன்பாடு இல்லை. மே 1 அன்று பியூஜெட் சவுண்டில் மீன்பிடி நின்றது. மே கடைசியில்தான் ஒப்புக்கொண்டார்கள். ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பது முக்கியம். அந்தப் பகுதிச் சினூக் 1999லிருந்து அழியும் ஆபத்துப் பட்டியலில் இருப்பதால், வலை போட மத்திய அரசின் அனுமதி தேவை. கூட்டாகத் திட்டம் கொடுத்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும். தனியாகக் கேட்டால் பருவமே போய்விடும். நல்லெண்ணம் மட்டும் அவர்களை மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

போல்ட் தீர்ப்பு வந்த உடனே மாநிலம் பணிந்துவிடவும் இல்லை. இடையில் நீதிமன்றமே மீன்பிடியை நடத்த வேண்டியதாயிற்று. 1985இல்தான் கூட்டுத் திட்டம் உருவானது.

தண்டனைக்கு வருவோம். பழங்குடி மீனவரிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும். விதி போடுவது அந்தப் பழங்குடியின் சொந்த நிர்வாகம், ரோந்து போவது அதன் ஆட்கள், விசாரிப்பது அதன் நீதிமன்றம். மற்ற மீனவரை மாநிலத் துறை பார்த்துக்கொள்ளும். சட்டம் அந்த நீதிமன்றத்தை ஏற்கிறது. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு, ஆனால் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுப்பது அதிகாரிதான்.

மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை வழக்கையும் இதோடு வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. நாள் இருக்கிறது, மணி இருக்கிறது. எத்தனை டன் மத்தி பிடிக்கலாம் என்ற எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் தகராறு மணி நேரத்தைப் பற்றியே நடந்துகொண்டிருக்கும்.

"பொரிப்பகத்தில் அரசு செலவில் வளர்த்த மீனிலும் பழங்குடியினருக்குப் பங்கு உண்டா?"
– திருத்துறைப்பூண்டி வாசகர்

உண்டு. 1980இல் அதே வழக்கின் அடுத்த கட்டத்தில் அப்படித்தான் தீர்ப்பானது. இயற்கை மீன் குறைந்ததை ஈடுகட்டத்தானே பொரிப்பகம் வந்தது? பழங்குடிகளும் சொந்தமாகப் பொரிப்பகம் நடத்துகிறார்கள்.

"கொள்ளிடத்தில் கீழணையைத் தாண்டி ஒரு காலத்தில் உல்லம் (ஹில்சா) மீன் ஏறும் என்பார்கள். ஆற்றை அடைத்ததற்கு அங்கே யாராவது பொறுப்பேற்றார்களா?"
– அணைக்கரை வாசகர்

சாலைக் குழாய்ப் பாலத்துக்குப் பொறுப்பேற்க வைத்தார்கள். ஓடைக்கு மேல் சாலை போடும்போது மாநிலம் அடியில் சிறிய குழாயைப் புதைத்துவிடும். ஓடையைவிடக் குழாய் குறுகல் என்பதால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஓடும். அந்த வேகம் வெளிவாயில் மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். சில வருஷத்தில் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். பெரிய மீன் தாவினாலும் குஞ்சு ஏறாது. கோடையில் குழாய்க்குள் தண்ணீர் விரற்கடை ஆழம்தான்.

மீனில் பாதி எங்களுக்கு என்று சொல்லிவிட்டு மீன் பிறக்கும் ஓடையை அடைத்தால் எப்படி என்று 2001இல் பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2013இல் உத்தரவு வந்தது: அடைபட்ட வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030க்குள் மாநிலம் திறந்துவிட வேண்டும். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 4–4 என்று பிரிந்ததால் அந்த உத்தரவு நிலைத்தது. புதிய பாலத்துக்கு அங்கே ஒரு சூத்திரம் உண்டு: கரைபுரளும்போது ஓடையின் அகலத்தை 1.2ஆல் பெருக்கி 2 அடி கூட்டு. 10 அடி ஓடைக்கு 14 அடி. அடியில் சிமென்ட் தெரியக்கூடாது, ஓடையின் கல்லும் மணலும் தொடர்ந்து போக வேண்டும்.

இதைக் கீழணைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 1836இல் கட்டிய கீழணை சாலைக் குழாய் இல்லை, பாசனத்தின் உயிர்நாடி. உல்லம் சால்மனைப் போலத் தாவும் மீனும் இல்லை. சால்மனுக்கு என்று அமைக்கும் படிக்கட்டுத் தொட்டியில் உல்லம் ஏறத் தயங்கும். சால்மன் ஏறினால் போதும். உல்லம் முட்டையிட்ட பிறகு கடலுக்குத் திரும்பியும் ஆக வேண்டும். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் காலமும் அளவும் மாறின. உல்லத்துக்கு மதகு திறப்பதென்றால் எந்த மாதம், எவ்வளவு தண்ணீர் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"மல்லிப்பட்டினத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று இருக்கிறதே. அதையும் கூட்டு நிர்வாகம் என்று சொல்லலாமா?"
– சேதுபாவாசத்திரம் வாசகர்

பாதி சொல்லலாம். பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு என்பது வலையும் வலையும் மோதாமல் இருக்க நாளைப் பிரித்தது. மூன்று நாளில் விசைப்படகு எவ்வளவு அள்ளினாலும் அந்த ஏற்பாடு கண்டுகொள்ளாது. வாஷிங்டனில் நாள் என்பது கடைசியில் வருவது, எண்தான் முதலில்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் நெருக்கமான உதாரணம் முத்துப்பேட்டை. 1990களில் அலையாத்திக் காட்டைச் சீர்செய்ய வனத்துறை, கிராமக் குழுக்கள், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்தன. உப்பேறிய தரையில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் தேங்கி மறுபடி உப்பேறும், கன்று கருகும்.

மீன்பிடியில் அப்படி ஒன்றைத் தொடங்க விரும்பும் ஊர், சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மீன் போதும். கழிமுகத்து இறாலோ நண்டோ ஆகட்டும். ஏலம் எடுப்பவர் சீட்டில் பிடித்த இடம், வலைக்கண் அளவு என்று இரண்டு பத்தி சேர்க்கட்டும். ஒரே சீட்டுக்கு மூன்று நகல்: மீனவருக்கு ஒன்று, ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒன்று, மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒன்று. மீன் இறங்கும் நாளில் பத்துப் படகுக்கு இரண்டு படகிலாவது பள்ளிப் பிள்ளையின் அளவுகோலை வைத்து நீளம் எடுக்கட்டும், சினை இருந்தால் குறிக்கட்டும். நடுவில் மாதம் விடுபடாமல் மூன்று வருஷம் எழுதுங்கள். வட்டிக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி எடையைக் குறைத்து எழுதச் சொல்வார். பெரும்பாலும் சீட்டு கெடுவது அங்கேதான், அதனால் எடையைப் பஞ்சாயத்து ஆள் தன் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும்.