கணக்கு டீச்சர் பதில்கள்: ஒரு பங்கு எவ்வளவு?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ‘8,600 ரூபாயை மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும். இரண்டாமவருக்கு முதலாமவரைப் போல் இரண்டு மடங்கு. மூன்றாமவருக்கு இரண்டாமவரைவிட 600 ரூபாய் கூடுதல். ஆளுக்கு எவ்வளவு?’ இந்தக் கணக்கில் 8,600-ஐ ஐந்தால் வகுத்து 1,720 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். திட்டியும் பார்த்தேன், பத்துத் தடவை எழுத வைத்தும் பார்த்தேன். எப்படிப் புரிய வைப்பது?
- ஓர் அம்மா, சங்கரன்கோவில்

பதில்: திட்டுவதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. ஐந்து என்ற எண்ணை உங்கள் பையன் சரியாகவே பிடித்திருக்கிறான். முதலாமவருக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு, ஆக ஐந்து பங்கு. பாதிக் கணக்கு அவனுக்கே வந்துவிட்டது. அந்த 600-ஐ என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறான்.

வீட்டில் புளியங்கொட்டை இருக்கும். 86 எண்ணி எடுக்கச் சொல்லுங்கள், ஒரு கொட்டை நூறு ரூபாய். மூன்றாமவருக்குக் கூடுதலாகப் போக வேண்டிய ஆறு கொட்டையை முதலில் ஒரு கிண்ணத்தில் போட்டுத் தள்ளி வைக்கட்டும். மிச்சம் 80. அதை ஐந்து குவியலாகப் பிரித்தால் குவியலுக்கு 16 வரும். முதலாமவருக்கு ஒரு குவியல், இரண்டாமவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு இரண்டு குவியலோடு கிண்ணத்தில் இருக்கும் ஆறும். அதாவது 1,600, 3,200, 3,800. மூன்றையும் அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கை செய்ததையே நோட்டில் எழுதட்டும். ஒரு குவியலுக்கு ‘ப’ என்று பெயர். ப + 2ப + 2ப + 600 = 8,600. கிண்ணத்தைத் தள்ளி வைத்தால் 5ப = 8,000. ப = 1,600. பரீட்சையில் ‘ப’ இருக்கும் இடத்தில் எக்ஸ் போட்டுக்கொள்ளலாம், வேறு வித்தியாசம் இல்லை.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் நான் வேலை பார்த்தபோது ஒரு பையன் இருந்தான். பலகையில் சமன்பாடு எழுதக் கூப்பிட்டால் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே நிற்பான். ஒரு சனிக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். ஏலம் முடிந்து 14,700 ரூபாயை அவன் அப்பா அவன் கையில் கொடுத்து, “பிரிடா” என்றார். டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன 2,700-ஐ முதலில் எண்ணி, மடித்து, அப்பாவின் சட்டைப்பையில் வைத்தான். மீதி 12,000. படகுக்கு இரண்டு பங்கு, வலைக்கு ஒன்று, கடலுக்குப் போன ஐந்து பேருக்கு ஐந்து. “எட்டுப் பங்கு, பங்குக்கு ஆயிரத்தைந்நூறு” என்று சொல்லிக்கொண்டே நோட்டுகளைப் பிரித்து வைத்தான். ஈரமான ரூபாய் நோட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க விரலால் நீவி நீவி வைத்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. திங்கட்கிழமை பலகையில் 8ப + 2,700 = 14,700 என்று எழுதினேன். “டீச்சர், இது எங்க படகுக் கணக்கு” என்று அவனே எழுந்து வந்து போட்டான். உங்கள் பையனின் 600-ம் அந்த டீசல் காசு மாதிரிதான் அம்மா. பங்கு போடுவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியது.

கேள்வி: ‘5,400 ரூபாயை அ, ஆ, இ மூவருக்கும் பிரிக்க வேண்டும். அ-வின் பங்கில் பாதியும், ஆ-வின் பங்கில் மூன்றில் ஒன்றும், இ-யின் பங்கில் காலும் சமம்.’ நான் 1/2 : 1/3 : 1/4 என்று எடுத்து 6 : 4 : 3 ஆக்கினேன். 5,400 பதிமூன்றால் மீதியில்லாமல் வகுபடவில்லை. எங்கே தப்பு?
- பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பலூர்

பதில்: வகுபடவில்லை என்றதும் நின்று யோசித்தாயே, அந்தப் பழக்கத்தை விடாதே. ஆனால் சரியான கணக்கிலும் சில சமயம் பைசா வரும், அதை மட்டும் வைத்துத் தப்பு என்று முடிவு செய்யாதே. கேள்வியை இன்னொரு தரம் படி. ஒருவரின் பாதியும் இன்னொருவரின் காலும் சமம் என்றால் யாரிடம் பணம் குறைவு? பாதி கொடுத்தவரிடம்தான். உன் விடையில் அ-வுக்கே அதிகம் போகிறது. சமமாக இருக்கும் அந்தத் தொகைக்கு ‘ப’ என்று பெயர் வை. அ-விடம் 2ப, ஆ-விடம் 3ப, இ-யிடம் 4ப. 9ப = 5,400, ப = 600. விடை 1,200, 1,800, 2,400. ‘பங்குகள் 1/2 : 1/3 : 1/4 விகிதத்தில் உள்ளன’ என்று கேட்டால்தான் உன் 6 : 4 : 3 பொருந்தும்.

கேள்வி: எங்கள் காலத்தில் இதையெல்லாம் வாய்க்கணக்காகவே போட்டோம். பிள்ளைகளுக்கு இந்த எக்ஸ் எதற்கு?
- வாசகர், காரைக்குடி

பதில்: வாய்க்கணக்கு போடுகிற பிள்ளையை நான் ஒருநாளும் தடுத்ததில்லை ஐயா. ஆனால் தெரியாத தொகைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், தெரிந்த தொகை போலவே அதைக் கூட்டலாம், கழிக்கலாம். எதையும் மனதில் சுமக்க வேண்டாம். இது புதுப் பழக்கமும் இல்லை. பழைய எகிப்தில் தெரியாத அளவை ‘குவியல்’ என்றே சொன்னார்கள். 12-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் ‘யாவத்தாவத்’ என்றார், எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். தெரியாதவை பல இருந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்தார். எக்ஸ் என்ற எழுத்து 1637-இல் பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த் எழுதிய வடிவியல் நூலிலிருந்து பரவியது. எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும், வைத்தால் போதும்.

கேள்வி: நான் 40,000 ரூபாய் போட்டுக் கடை தொடங்கினேன். ஆறு மாதம் கழித்து என் மச்சான் 60,000 போட்டார். வருஷ முடிவில் லாபம் 28,000. எப்படிப் பிரிப்பது?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: பணத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எத்தனை மாதம் கடையில் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். உங்களுடையது 40,000 × 12 = 4,80,000. மச்சானுடையது 60,000 × 6 = 3,60,000. நாலுக்கு மூன்று, ஆக ஏழு பங்கு, பங்குக்கு 4,000. உங்களுக்கு 16,000, அவருக்கு 12,000.

ஆனால் தினமும் கடையில் உட்கார்ந்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குச் சம்பளம் என்று இருவரும் பேசியிருந்தால், அந்தத் தொகையை 28,000-லிருந்து முதலில் எடுத்து வையுங்கள். மீதியை ஏழாகப் பிரியுங்கள்.