வெள்ளி வயர் போட்டா பாட்டு மின்னுமா?

கேள்வி: 3,500 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வச்சிருக்கேன், வயர் கழட்டி மாட்டற மாடல். கூட வேலை பாக்கற நண்பன் 9,000 ரூபாய்க்கு வெள்ளி வயர் வாங்கி அவன் இயர்போன்ல போட்டுட்டு, வயலின் தனியா தபேலா தனியா பிரிஞ்சு கேக்குதுடாங்கறான். நானும் போட்டுப் பாத்தேன், வித்தியாசம் இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இல்லன்னு சொன்னா உன் காது சரியில்லங்கறான். வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேணாம் தம்பி. இயர்போன் 3,500, அதுக்கு வயர் 9,000, சைக்கிளுக்கு புல்லட் சீட் போடற கதை. ஆனா உங்க நண்பர் பொய் சொல்றார்னு நான் சொல்ல மாட்டேன், அவருக்கு நிஜமாவே வித்தியாசம் கேட்டிருக்கும். அது வயர்னாலயா வந்துச்சுங்கறதுதான் விஷயம்.

வயரை மாத்தணும்னா இயர்போனை காதுல இருந்து எடுக்கணும், கழட்டணும், புதுசை மாட்டணும், திரும்ப காதுல வைக்கணும், இதுக்கே ஒரு நிமிஷம் போயிடும், முன்னாடி கேட்ட சத்தத்தோட நுணுக்கம் அவ்வளவு நேரம் ஞாபகத்துல நிக்காது. அதோட திரும்ப வைக்கும்போது ரப்பர் டிப் முன்ன இருந்த மாதிரியே உக்காராது. ஒரு சின்ன இடுக்கு விட்டாக்கூட பேஸ், அதாவது கீழ்ச்சத்தம், ஓடிப் போயிடும், கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா ட்ரெபிள், அதாவது மேல்ச்சத்தம், மாறும். இந்த மாற்றம் எந்த வயரும் குடுக்கற மாற்றத்தை விட பல மடங்கு பெருசு. இது புரியாம வயரைப் புகழ்ந்துட்டு இருக்கோம்.

நானும் புகழ்ந்தவன்தான். என்கிட்ட சென்ஹைசர் எச்டி 600ன்னு காதை மூடற பெரிய ஹெட்போன் இருக்கு, அதுக்கு 6,000 ரூபாய் குடுத்து வெள்ளி பூசின வயர் ஒண்ணு வாங்கினேன். கண்ணை மூடிட்டு உக்காந்துகிட்டு வீட்டுக்காரம்மாவை மாத்தி மாத்தி போடச் சொன்னேன், எதை மாட்டினாங்கன்னு அவங்க சீட்டுல எழுதிக்கணும், நான் சொல்லணும். 10க்கு 10 சரி! தலைகால் புரியல எனக்கு. அவங்க ரொம்ப சாதாரணமா, "புது வயர் பின்னல் போட்டு கனமா இருக்கு, தோள்ல உரசுது, அதை வச்சுதான சொல்றீங்க"ன்னாங்க. அப்புறம் கழுத்தைச் சுத்தி துண்டு போட்டுகிட்டு மறுபடி உக்காந்தேன். 10க்கு 6. காசு சுண்டிப் பாத்து சொல்லியிருந்தாலே 5 வந்திருக்கும். 9 வந்தா நம்பலாம், குருட்டாம்போக்குல 9ஓ அதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துல ஒரு வாய்ப்புதான். உங்க நண்பரையும் இப்படி உக்கார வைங்க, துண்டு மறக்காதீங்க. ஆனா காதுக்குள்ள வைக்கற இயர்போன்ல இந்த டெஸ்ட் கொஞ்சம் கஷ்டம், மேல சொன்ன டிப் பிரச்சனைதான்.

இதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு ரொம்ப சின்னது. வயருக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தடுக்கற குணம், இருக்கு, அதை ஓம்ல அளப்பாங்க, பொதுவா 0.2ல இருந்து 1 ஓம் வரைக்கும். என் எச்டி 600 ஹெட்போனுக்கு அது 300 ஓம். வயர் அரை ஓம்னு வச்சா சத்தம் 0.014 டெசிபல் குறையும், அது எறும்பு கொட்டாவி விட்ட சத்தம். 16 ஓம் இயர்போன்ல 0.6 ஓம் வயரை எடுத்துட்டு 0.2 ஓம் வயர் போட்டா 0.2 டெசிபல் கூடும். சின்ன ஸ்பீக்கர் மாதிரி ஒரே டைனமிக் டிரைவர் இருக்கற மாடல்னா அது வெறும் வால்யூம் மாற்றம்தான், பாட்டோட குணம் மாறாது. ஆனா சத்தம் துளி கூடினாலும் அதை "கூடியிருக்கு"ன்னு நம்ம மனசு சொல்லாது, "நல்லாயிருக்கு"ன்னு சொல்லும், அங்கதான் ஏமாறுறோம். அதனாலதான் ஒழுங்கா டெஸ்ட் பண்றவங்க ரெண்டு வயரோட சத்தத்தையும் 0.1 டெசிபலுக்குள்ள சமம் பண்ணிட்டுதான் ஆரம்பிப்பாங்க.

நிஜமாவே மாறுற இடம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர்னு ஒரு வகை குட்டி டிரைவர் நாலஞ்சு அடைச்ச இயர்போன்கள்ல ஓம் அளவு ஒரே மாதிரி இருக்காது, ஒரு சுருதிக்கு 8, இன்னொண்ணுக்கு 40ன்னு ஏறி இறங்கும். அதுல 1 ஓம் வயர் போட்டா 8 ஓம் இருக்கற இடத்துல 1 டெசிபல் குறையும், 40 இருக்கற இடத்துல 0.2 தான் குறையும். 0.2 ஓம் வயருக்கு மாத்தினா இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் போயிடும், காதுக்கும் தெரியலாம். ஆனா தயாரிச்சவன் கூட குடுத்த வயரை வச்சு ட்யூன் பண்ணியிருந்தா, நீங்க காசு குடுத்து அதைக் கெடுக்கறீங்கன்னும் அர்த்தம்.

வெள்ளிங்கறீங்களே, செம்பை விட மின்சாரத்தை சுமார் 6 சதவீதம்தான் நல்லா கடத்தும். செம்புக் கம்பியை 3 சதவீதம் தடிமனாக்கினா கணக்கு நேராயிடும். வெள்ளி வயர்னா சத்தம் பளிச்னு இருக்கும், செம்புன்னா கதகதப்பா இருக்கும்னு எழுதறாங்களே, அந்தந்த உலோகத்தோட கலரைத்தான் எழுதறாங்கன்னு எனக்கு சந்தேகம். 2007ல ஜேம்ஸ் ராண்டின்னு அமெரிக்க மேஜிக்காரர், 7,250 டாலர் ஸ்பீக்கர் வயரை சாதா வயர்ல இருந்து காதால பிரிச்சுக் காட்டினா 10 லட்சம் டாலர் தர்றேன்னார். வயர் கம்பெனி பின்வாங்கிடுச்சு, டெஸ்ட்டே நடக்கல.

வயருக்கு காசு போடவே கூடாதுன்னு சொல்லல. சட்டையில உரசினா காதுக்குள்ள கரகரன்னு கேக்குது, சிக்கிக்குது, ஜாக் பக்கம் விட்டு விட்டு வருதுன்னா 500, 800ல ஒரு நல்ல மெத்து வயர் வாங்குங்க. மீதியில வேற வேற சைஸ் டிப் வாங்கிப் பாருங்க. இன்னும் மிச்சம் இருந்தா வேற இயர்போனுக்கு சேத்து வைங்க, ஆனா விலை கூடினா நல்லாயிருக்கும்னு நினைக்காதீங்க, 2017ல 283 ஹெட்போனை அளந்து வெளிவந்த ஆய்வுல எந்த சுருதி எவ்வளவு வருதுங்கறதுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லன்னு வந்துச்சு.

கேள்வி: கடையில 4.4 எம்எம் பேலன்ஸ்டு வயர்ல, அதான் இடது வலதுக்கு தனித்தனி கம்பி போற தடிச்ச ஜாக், அதுல கேட்டேன், சாதா 3.5 எம்எம் ஜாக்கை விட அசத்தலா இருந்துச்சு. இதுவும் பிரமைதானா?
- வாசகி, சென்னை

பதில்: இல்லம்மா, கேட்டிருக்கும். ஆனா வயர்னால இல்ல. அந்த ஓட்டைக்குப் பின்னாடி இருக்கற ஆம்ப், அதாவது சத்தத்துக்கு பலம் குடுக்கற ஆம்ப்ளிஃபையர், பெரும்பாலும் ரெண்டு மடங்கு வோல்டேஜ் தரும், அதாவது 6 டெசிபல் கூட. கடைக்காரர் ஜாக்கை மாத்திட்டு வால்யூமை குறைக்காம குடுத்திருப்பார். 300 ஓம் மாதிரி தள்ளறதுக்கு கஷ்டமான ஹெட்போனுக்கு அந்தக் கூடுதல் பலம் உதவும், 16 ஓம் இயர்போனுக்கு தேவையில்ல. 3.5ல ரெண்டு பக்கத்துக்கும் திரும்பி வர்ற கம்பி எங்கேயாவது ஒண்ணா சேந்துதான் ஆகணும், அதனால இடதுல இருந்து வலதுக்கு கொஞ்சம் கசியும், 4.4ல அது இல்ல. ஒரு எச்சரிக்கை, 4.4 ஓட்டையில 3.5 ஹெட்போனை மாட்டற மலிவு அடாப்டர் வாங்கிடாதீங்க, ரெண்டு நெகட்டிவும் சேந்து ஆம்ப் போயிடலாம்.

கேள்வி: ஒரு வருஷத்துல வயர் பச்சையா மாறிடுச்சு, பாட்டு கெட்டுப் போகுமா?
- வாசகர், மதுரை

பதில்: வேர்வை. செம்புப் பாத்திரம் களிம்பு ஏறுற மாதிரிதான், கண்ணாடி மாதிரி தெரியற உறைங்கறதால பளிச்னு தெரியுது. சத்தத்துல ஒண்ணும் ஆகாது.

கேள்வி: பையன் எலக்ட்ரிக் கிடாருக்கு 6 மீட்டர் வயர் வேணாம், 3 மீட்டர் போதும், சவுண்ட் மாறுதுங்கறான். இதுவும் அதே கதைதானே?
- வாசகர், திருச்சி

பதில்: பையன் சொல்றது சரி. கிடார்ல தந்தி அதிர்வை மின்சாரமா மாத்தற பிக்கப் பல ஆயிரம் ஓம், ஹெட்போன் மாதிரி இல்ல. வயர்ல மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கற குணம், இருக்கும், அது பிக்கப்போட சேந்து ட்ரெபிளை முழுங்கும், நீளம் கூடக் கூட மந்தமாயிடும். 3 மீட்டரே வாங்கிக் குடுங்க, விலையும் கம்மி.